நேரம் மிஞ்சினால் பார்க்கும் இடம் அல்ல

“ஏம்ப்பா, ஜப்பான் வரைக்கும் வந்துட்டு ஒரு நாள் பூரா இந்தச் சின்ன மியூசியத்துக்கும் மட்டிச் சோத்துக்குமா? ஃபூஜி மலைக்கு எப்போ போறது?”

சித்தப்பா கேட்டது நியாயமான கேள்விதான். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சித்தியும் விசாவுக்கு அலைந்து, பயணச்சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்து, டோக்கியோவில் நிஷி-காசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஏழு நாள் பட்டியல் ஒன்று. அசகுசா கோயில், ஷிபுயா நாற்சந்தி, டிஸ்னிலாந்து, ஃபூஜி, புல்லட் ரயில், கியோட்டோ, ஒசாகா. கடைசி வரி இப்படி முடிந்தது: நேரம் மிஞ்சினால் சிறு அருங்காட்சியகங்கள், உள்ளூர் உணவகங்கள்.

என் சண்டை அந்தக் கடைசி வரியோடு. அதை எழுதியவர் யாராக இருந்தாலும், நாம் எல்லோரும் நம்புவதைத்தான் எழுதியிருக்கிறார். பெரியது முதலில், சிறியது பிறகு. பேர்பெற்றது அவசியம், பேர் தெரியாதது விருப்பம். சாப்பாடு இரண்டு இடங்களுக்கு நடுவில் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை. நிஷி-காசாயில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வருபவர்களை இந்த வரிசையில்தான் அழைத்துப் போகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அது தவறு என்று இன்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் காசுக் கணக்கைப் பேசிவிடுவோம். ‘இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோம், முடிந்தவரை நிறையப் பார்த்துவிட வேண்டும்’ என்பதுதான் இந்த வாதத்தின் முதுகெலும்பு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென். இரண்டேகால் மணி நேரம். அன்றே திரும்பினால் ஆளுக்கு 28,000 யென்னும் நாலரை மணி நேரமும் இருக்கையிலேயே கழிந்துவிடும். கியோட்டோவில் மிச்சமிருக்கும் ஐந்தாறு மணி நேரத்தில் கூட்டத்தின் முதுகைப் பார்த்தபடி இரண்டு கோயில்கள். 2024இல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் கையிலும் இதே பட்டியல்தான். அந்த ஆண்டில் கியோட்டோவின் கியோன் பகுதி மக்கள் தங்கள் தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஃபூஜியின் அடிவாரத்தில் உள்ள ஃபூஜிகவாகுச்சிகோ ஊரில், ஒரு கடைக்குப் பின்னால் மலை தெரியும் காட்சியைப் படமெடுக்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமிருந்து மலையை மறைக்கும் நிலைக்கு ஒரு ஊர் தள்ளப்பட்டதென்றால், பார்க்கும் முறையில்தான் கோளாறு.

அதனால் சித்தப்பாவையும் சித்தியையும் வேறொரு இடத்துக்கு அழைத்துப் போனேன். நிஷி-காசாயில் தோசாய் தடத்து ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் மொன்ஸென்-நகச்சோ. அங்கே வண்டி மாறி அடுத்த நிறுத்தம் கியோசுமி-ஷிராகாவா. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஃபுகாகாவா எடோ அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் 400 யென். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ வட்டார அலுவலகம் என்றுதான் தோன்றும். 1986இல் திறந்தார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு கூடம், அதனுள் ஒரே ஒரு தெரு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுகாகாவாவில் சாகாச்சோ என்ற பேட்டை எப்படி இருந்ததோ, அதை முழு அளவில் மரத்தால் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணெயும் உரத்துக்கான கருவாடும் மொத்தமாக விற்கும் பெரிய கடை, காய்கறிக்கடை, அரிசி குத்தும் கடை, படகோட்டிகளின் விடுதி, நிஜத் தண்ணீரில் நிற்கும் ஒல்லியான படகு, தீ எச்சரிக்கைக் கோபுரம், அதற்குப் பின்னால் ஏழைகள் குடியிருந்த ‘நகாயா’ என்னும் வரிசை வீடுகள். நுழைந்ததும் கூரைகள் கண்ணுக்குக் கீழே தெரியும். படியிறங்கித் தெருவுக்குள் போக வேண்டும். கூரை மேல் ஒரு பூனை கத்தும். விளக்குகள் மெல்ல மங்கி அந்தியாகி, பிறகு விடியும். சேவல் கூவும், தெருவில் விற்பவர்களின் குரல் கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வீடுகளுக்குள் ஏறி உட்காரலாம், பானையைத் தூக்கிப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டி கிடையாது.

சித்தப்பா நகாயா வீட்டைக் காலடியால் அளந்தார். அவர் தொழில் அது. அகலம் ஒன்பது ஷாகு, நீளம் பன்னிரண்டு ஷாகு. நம் கணக்கில் ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி என்று வைத்துக்கொள்ளலாம். அதிலேயே அடுப்பும் மண் தரையும் போக, மனிதர் படுக்க நாலரைப் பாய் இடம். ஒரு குடும்பம் அதில் வாழ்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள் என்பது பொருள்களைப் பார்த்தாலே புரிகிறது. ஒன்றில் படகோட்டி, ஒன்றில் மரம் அறுப்பவர், ஒன்றில் ஷாமிசென் இசை கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. ஒன்றில் மட்டியை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்.

முற்றத்தில் ஒரு கிணறு. “குடிக்கிற தண்ணியா?” என்று சித்தப்பா கேட்டார். இல்லை. ஃபுகாகாவா கடலைத் தூர்த்து எடுத்த நிலம், கிணற்று நீரில் உப்பு. அது கழுவுவதற்கு மட்டும். குடிநீர் படகில் வந்தது, காசு கொடுத்து வாங்கினார்கள். அவர் அந்தக் கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். கோடைக்காலத்தில் லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கும் ஊரில் வேலை பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கிணற்றுக்கு அருகிலேயே பொதுக் கழிப்பறை. பாதிக் கதவுதான். அங்கே சேர்ந்த மலம் குப்பை இல்லை, விலைபொருள். நகாயாவை நிர்வகித்தவர் அதை உழவர்களுக்கு எருவாக விற்றுப் பணம் பார்த்தார். அதை ஏற்றிப்போக வந்த படகுகளுக்குக் காசாய் படகு என்றே பெயர், ஏனென்றால் அவை கிழக்கே காசாய் வட்டாரத்து வயல்களுக்குப் போயின. காசாய்! நாங்கள் குடியிருக்கும் பேட்டையின் பெயரே நிஷி-காசாய், அதாவது மேற்குக் காசாய். அந்த எரு விழுந்த வட்டாரத்தில் விளைந்த கீரைதான் கொமாட்சுனா. கொமாட்சுகாவா என்ற ஊரின் பெயரால் வந்தது. சித்தி வந்த மறுநாளே அந்தக் கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்திருந்தார். 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைத் தீர்க்க இந்தியப் பொறியாளர்கள் வந்து குடியேறியதோடுதான் எங்கள் பேட்டையின் கதை தொடங்குகிறது என்று நாங்கள் பேசிக்கொள்வது வழக்கம். அது எவ்வளவு பெரிய மறதி என்பதை அந்தப் பாதிக் கதவின் முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன். ஃபூஜியின் உச்சி இதை எனக்குச் சொல்லியிருக்காது.

இங்கே படித்தவர்கள் ஒரு எதிர்வாதம் வைப்பார்கள். ‘அது வெறும் செட்டு. ஒரு கட்டைகூட அந்தக் காலத்துடையது கிடையாது. அசலைப் பார்க்க வேண்டுமானால் உவெனோவில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போ’ என்பார்கள். இது மேலோட்டமாக வலுவான வாதம். உள்ளே போய்ப் பார்த்தால் நிற்காது.

1872இல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சுமார் 1,20,000 பொருள்கள் உள்ளன. வாள், கவசம், அரக்குப் பெட்டி, பொன்னிழைத்த மடிப்புத் திரை, புத்தர் சிலை. அவற்றின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை ஏன் தப்பிப் பிழைத்தன? வைத்துக் காப்பாற்றக் களஞ்சியமும் காவலும் உடையவர்கள் அவற்றுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். நகாயாக்காரர்களிடம் என்ன இருந்தது? படுக்கையையும் சமையல் பாத்திரத்தையும்கூட வாடகைக்கு எடுத்த ஊர் அது, அதற்கென்றே கடைகள் இருந்தன. அன்று எடோ என்று பெயர் கொண்டிருந்த இந்த ஊரின் பெரும்பகுதியை 1657இல் தீ தின்றது. அதற்குப் பிறகும் ஊர் திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருந்தது. எப்படியும் எரியப்போகிறது என்று தெரிந்தே நகாயாக்களை மலிவான மரத்தில் கட்டினார்கள். எடோ டோக்கியோவாகி, 1923 செப்டம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஃபுகாகாவா அழிந்தது. மறுபடி கட்டினார்கள். 1945 மார்ச் 10ஆம் தேதி பின்னிரவில் சுமார் 300 அமெரிக்க பி-29 விமானங்கள் வந்து இந்தப் பகுதி முழுவதிலும் எரிகுண்டுகளைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘அசல் கட்டை எங்கே?’ என்று கேட்பது, எரிந்தவர்களைப் பார்த்து ‘உங்கள் வீட்டுப் பத்திரம் எங்கே?’ என்று கேட்பது போன்றது. அசல் மட்டுமே அருங்காட்சியகத்துக்குத் தகுதி என்றால், உடைமை உள்ளவர்களுக்கு மட்டுமே வரலாறு என்று ஆகிவிடும். ஏழைத் தெருவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு வட்டாரம் அதைச் செய்திருக்கிறது. அந்தக் கட்டைகள் புதியவை. அதைக் கட்டிய எண்ணம் மிகப் பழைய கடன் ஒன்றைத் தீர்க்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு சிறு அருங்காட்சியகத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபுகாகாவா அடங்கிய அதே கோத்தோ வட்டாரத்தில், கிதாசுனாவில், அந்த மார்ச் 10 இரவைப் பற்றிய நிலையம் இருக்கிறது. டோக்கியோ மாநகர அரசு இதற்காக ஒரு நினைவகம் கட்டத் திட்டமிட்டு, 1999இல் அது முடங்கிப்போனது. பன்னிரண்டு வயதில் அந்தத் தீயில் தப்பிய எழுத்தாளர் சாவோதோமே கட்சுமோத்தோவும் மற்றவர்களும் மக்களிடம் நன்கொடை திரட்டி 2002இல் தாங்களே ஒன்றைத் திறந்தார்கள். தலைநகரில் ஒரு லட்சம் உயிர் போன இரவைச் சொல்லும் பொறுப்பு ஒரு சிறு தனியார் கட்டடத்தின் தலையில் விழுந்தது. சிறு அருங்காட்சியகம் பெரியதன் குறுகிய வடிவம் என்று நினைப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? பெரியவை பேசத் தயங்குவதைப் பல ஊர்களில் சிறியவைதான் பேசுகின்றன.

இனி சாப்பாடு. ‘சாப்பிடுவதற்கு ஒரு பயணமா?’ என்ற ஏளனத்தைத்தான் என்னால் மிகவும் தாங்க முடியவில்லை.

ஃபுகாகாவா எடோ அருங்காட்சியகக் கூடத்துக்குள் தீக்கோபுரத்தின் கீழே சோபா நூடுல்ஸ் விற்கும் தள்ளுகடையும் டெம்புரா விற்கும் தள்ளுகடையும் நிற்கின்றன. இன்று நட்சத்திர விடுதியில் ஆயிரக்கணக்கான யென்னுக்குப் பரிமாறப்படும் டெம்புரா அன்று தெருவோரத் தின்பண்டமாக இருந்தது. கொதிக்கும் எண்ணெயை மரவீட்டுக்குள் வைத்தால் தீப்பிடிக்கும், ஆகவே அதைத் தெருவில் வைத்தார்கள். கையால் பிடிக்கும் சுஷியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித் தள்ளுகடையில் நின்றபடியே தின்ற உணவுதான். ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி வீட்டில் சமைக்க இடமும் விறகும் குறைவு என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், இந்த ஊர் ஏன் இவ்வளவு நுட்பமாகத் தெருச் சாப்பாட்டை வளர்த்தது என்பது விளங்குகிறது. பிறகு வெளியே வந்து அருங்காட்சியகம் இருக்கும் தெருவிலேயே ஒரு கடையின் வாசலில் தொங்கும் நோரென் துணியை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தால், மட்டி விற்றவர் வீட்டில் பார்த்த அதே பொருள் கிண்ணத்தில் வருகிறது.

ஃபுகாகாவா சோறு என்றே அதற்குப் பெயர். ஃபுகாகாவா மீனவர்களின் அவசரச் சாப்பாடு. மட்டிச் சதையை நீளமான வெங்காயத்தாளோடு மிசோ என்னும் சோயா விழுது போட்டுக் கொதிக்கவைத்து, சூடான சோற்றின் மேல் அப்படியே ஊற்றுவது ஒரு வகை. மட்டியையும் அரிசியையும் சேர்த்து வடிப்பது இன்னொரு வகை. சுமார் 2,000 யென். முதல் வாயில் கடல் உப்பு, அடுத்ததில் மிசோவின் புளித்த ஆழம், கடைசியில் வெங்காயத்தாளின் இனிப்பு. மட்டி இன்று இந்தக் கரையில் எடுத்தது அல்ல. தொழிற்சாலைக் கழிவும் கடலைத் தூர்ப்பதும் மிகுந்ததால் டோக்கியோ மீனவர்கள் 1962இல் தங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். கரை போய்விட்டது, கிண்ணம் இருக்கிறது. மீனவக் குப்பமாக இருந்த ஊரின் மிச்ச நினைவு அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. அதைச் சாப்பிடாமல் கிளம்புகிறவர் பாதித் தெருவைத்தான் பார்த்திருக்கிறார்.

‘நமக்கு அங்கே சாப்பிட எதுவும் கிடைக்காது’ என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு, அதை மறைக்க நான் தயாரில்லை. சைவம் மட்டும் உண்பவர்களுக்கு ஜப்பானியச் சிறு கடை கடினம். காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தாலும் ரசத்தில் தாஷி இருக்கும். தாஷி என்பது கொம்பு என்னும் கடற்பாசியும் காய்ந்த சூரை மீன் சீவலும் சேர்ந்த சாறு. சோபாவைத் தொட்டுத் தின்னும் சாற்றிலும் அதுதான். சித்தி சைவம். அவர் அன்று வெறுஞ்சோறும் குளிர்ந்த தோஃபுவும் ஊறுகாயும் வாங்கிச் சாப்பிட்டார், மாலையில் நிஷி-காசாய்க்குத் திரும்பித் தோசை சாப்பிட்டார். அதற்காக அவருக்கு அந்த நாள் குறைந்துவிடவில்லை. அரிசி குத்தும் கடையில் காலால் மிதிக்கும் உலக்கையைப் பார்த்தவர், அது குத்தும்போது தவிடு எங்கே விழும் என்று வழிகாட்டும் தன்னார்வலரிடம் கேட்கச் சொல்லி, நான் மொழிபெயர்க்க, இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். ஏழு நாளில் அவர் ஒரு ஜப்பானியரோடு பேசியது அந்த ஒரு முறைதான்.

மீன் தின்னும் நம்மவர்கள் ‘ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் காய்ந்த சூரை மீன் கட்டை நமக்கு அந்நியமே அல்ல. அதே மீனை அவித்து, புகையூட்டி, கல்லாகக் காயவைத்ததைத்தான் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்கிறோம். மாசிச் சம்பல் தின்று வளர்ந்த நாக்குக்கு தாஷியின் மணம் பழகிய மணம். புட்டியில் மிளகாய்ப்பொடி எடுத்துவந்து எதன் மேலும் தூவும் பழக்கத்தை ஒரு வேளை மட்டும் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

பிற்பகலுக்கு நாங்கள் எந்தத் திட்டமும் வைக்கவில்லை. பக்கத்துக் கியோசுமி தோட்டத்தில் குளத்தோரம் உட்கார்ந்தோம். 1923 தீயில் ஏராளமானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த தோட்டம் அது, 1932இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பிறகு சுமிதா ஆற்றங்கரைக்கு நடந்தோம். 1680இல் ஹைக்கூ கவிஞர் மட்சுவோ பாஷோ குடிசை போட்டது இந்த ஃபுகாகாவாவில்தான். குடிசை வாசலில் சீடர் நட்ட வாழைதான் அவர் பெயராயிற்று. 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது தமிழுக்கு வந்த பாஷோ இவர்தான். தமிழில் ஹைக்கூ எழுதும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டோக்கியோவுக்கு வரும் அவர்களில் எத்தனை பேரிடம் இந்த ஆற்றங்கரையைப் பட்டியல்காரர்கள் சொல்லியிருப்பார்கள்?

‘ஓய்வாகச் சுற்றுவது நேரமும் காசும் உள்ளவர்களின் ஆடம்பரம்’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மூன்று பேருக்கும் ரயில், நுழைவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆன செலவு, ஒருவர் கியோட்டோவுக்கு ஒருவழி ரயிலில் போகும் செலவை எட்டவில்லை. அவசரம்தான் விலை உயர்ந்தது.

ஒரு எச்சரிக்கையோடுதான் இதைப் பரிந்துரைக்கிறேன். இந்தக் கடைகளில் எட்டுப் பத்து இருக்கைகள்தான். பகல் சாப்பாடு இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும், நோரெனை உள்ளே எடுத்துவிட்டால் கடை மூடியாயிற்று என்று பொருள். பன்னிரண்டு பேர் கும்பலாக நுழைவதும், சாப்பிட்ட பிறகு கதை பேசிக்கொண்டு இடத்தைப் பிடித்துவைப்பதும், சமையல்காரரைக் கேட்காமல் படமெடுப்பதும் கியோனில் நடந்ததை இங்கேயும் கொண்டுவந்துவிடும். மூன்று பேர், நான்கு பேர் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் ‘கொச்சிசோசாமா’ என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

ஊரிலிருந்து அடுத்து யார் வந்தாலும், அவர்கள் பட்டியலின் கடைசி வரியை எடுத்து முதல் வரியாக எழுதிக் கொடுங்கள். ஃபூஜி இரண்டாம் நாளும் அங்கேயே இருக்கும். அருங்காட்சியகத்தைக் காலை 9.30 மணிக்குத் திறக்கிறார்கள்.